அனாமத்துக் கணக்கும் மாஸ்கரேடும்

பி.காம் படிக்கிறவனுக்கு ரவுட்டரோடு என்ன வேலை என்று வகுப்பில் யாராவது கேட்பீர்கள், தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களை விட, கணக்குப்பதிவியல் படிக்கிற நமக்குத்தான் இது சீக்கிரம் புரியும் என்பது என் எண்ணம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே போட்டு உடைத்து விடுகிறேன். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இரண்டு நெட்வொர்க்குகளை லினக்ஸ் ரவுட்டர் வைத்து இணைக்கும்போது, நடுவில் 'மாஸ்கரேட்' போட்டு ஒப்பேற்றக் கூடாது. போகிற பாதை, திரும்பி வருகிற பாதை இரண்டையும் முறையாக எழுத வேண்டும். இணையத்தில் தேடினால் "இந்த ஒரு வரியைப் போடு, வேலை செய்யும்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். வேலை செய்யும், உண்மைதான். அனாமத்துக் கணக்கு போட்டால் இருப்பாய்வும்தான் டேலி ஆகிவிடும்! அதற்காக ஆடிட்டர் நம்மைத் தட்டிக் கொடுப்பாரா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பட்டுக்கடை

நம்ம காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, உதாரணத்துக்குத்தான். கீழே பில் போடும் கம்ப்யூட்டர்கள். மாடியில் கணக்கர் அறை. அங்கே டேலி ஓடுகிற கம்ப்யூட்டர், பக்கத்தில் ஜக்கார்டு டிசைன் கோப்புகள் வைத்திருக்கும் கம்ப்யூட்டர். கடை முழுக்க கேமரா, அதையெல்லாம் பதிவு செய்ய ஒரு பெட்டி. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பம் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்காது. கூட வந்த பசங்க சும்மா இருப்பார்களா? "அண்ணா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" அதையும் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவும் எதில் ஓடுகிறது? இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன ஒரே ஒரு பெட்டியில். அதாவது முதல் முறையாகக் கடைக்குள் நுழைந்தவருடைய போனும், முதலாளியின் மொத்தக் கணக்கும் இருக்கிற கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில். அந்தப் போனில் ஏதாவது வைரஸ் இருந்தால், டேலி கம்ப்யூட்டரின் கதவைத் தட்ட அதற்கு எந்தத் தடையும் இல்லை.

கடையில் என்ன பெரிய ரகசியம் இருக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். பில் போடும்போது பெயர், போன் நம்பர் வாங்குகிறார்கள். பல இடங்களில் கல்யாணத் தேதியும் கேட்கிறார்கள். எந்த நெசவாளிக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம், எந்த வியாபாரிக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் பேரேட்டில் இருக்கிறது. இன்னும் தறி ஏறாத டிசைனும் இருக்கிறது. இதில் எது வெளியே போனாலும் நஷ்டம்தான். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் வந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் தீபாவளி சீசனில் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"பில் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டே கொடுக்காமல் விட்டால்?" என்று கேட்கலாம். பழைய காலம் என்றால் முடியும். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்கு எழுதும் ஜிஎஸ்டி பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். நெட் இல்லாமல் வியாபாரம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆகவே உள்ளேயே பிரித்து வைப்பது ஒன்றுதான் வழி.

பிரிப்பது என்றால்

பிரிப்பதற்குப் பெயர்தான் சப்நெட். நம்ம ஊரிலேயே பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் இருக்கிறதே, அந்த மாதிரி. ஒரே பேட்டைக்குள் ஆளை நேரே கூப்பிட்டுப் பேசலாம். அடுத்த பேட்டை என்றால் ரோட்டைத் தாண்டித்தான் போகணும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். தன் சப்நெட்டுக்குள் இருப்பவரிடம் நேரடியாகப் பேசும். வெளியே உள்ளவருக்கு என்றால் பாக்கெட்டை 'கேட்வே' என்று தனக்குச் சொல்லப்பட்ட முகவரியிடம் கொடுத்துவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் ரவுட்டர்.

நம் உதாரணக் கடைக்கு இப்படி எண் கொடுப்போம். பில் கவுண்டருக்கு 192.168.10.0/24. கணக்கர் அறைக்கு 192.168.20.0/24. வாடிக்கையாளர் வைஃபைக்கு 192.168.30.0/24. கேமராக்களுக்கு 192.168.40.0/24. இந்த 192.168 வரிசை யாருக்கும் சொந்தமில்லாத, உள் உபயோகத்துக்கு மட்டும் என்று 1996லேயே ஒதுக்கிவைத்த முகவரிகள். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள்தான் ஓடுகின்றன. வெளி இன்டர்நெட்டில் இந்த எண்ணுக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ரவுட்டருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். சில நூறு ரூபாய்க்கு லேன் கார்டு வாங்கிக் கூடுதலாகச் செருகி, டெபியன் போன்ற ஒரு லினக்ஸைப் போட்டுவிடலாம். வி-லான் தெரிந்த சுவிட்ச் இருந்தால் ஒரே கேபிளில் நாலு நெட்வொர்க்கையும் ஓட்டலாம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு முகவரி கொடுத்தவுடன், "இந்த சப்நெட் என் இந்தக் காலில் நேரடியாக இருக்கிறது" என்று லினக்ஸ் தானாகவே தன் ரவுட்டிங் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். நாம் எழுதவே தேவையில்லை.

ஆனாலும் பாக்கெட் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவாது. ஏனென்றால் 'ஐபி ஃபார்வர்ட்' என்ற அமைப்பு லினக்ஸ் கர்னலில் இயல்பாகவே 0 என்று இருக்கும். அதை 1 என்று மாற்றினால்தான் கம்ப்யூட்டர் ரவுட்டராக மாறும். எனக்கு லினக்ஸில் ரொம்பப் பிடித்த விஷயம் இது. நாலு வீட்டுக்கும் சாவி வைத்திருந்தாலும், சொல்லாமல் ஒரு கதவையும் திறக்காது.

1 என்று மாற்றிவிட்டால் நிலைமை தலைகீழ். விதி எதுவும் எழுதாத லினக்ஸில் எல்லோரும் எல்லோரிடமும் போகலாம். வைஃபையில் இருக்கும் போன் கணக்கர் அறைக்குப் போகலாம். அப்புறம் எதற்குப் பிரித்தோம்? அதனால் முதலில் விதி, பிறகு ஃபார்வர்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும்

அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய கடைச் சங்கிலி. 2013 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை, அதாவது அவர்களுடைய கிறிஸ்துமஸ் சீசனில், சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் முதலில் நுழைந்தது டார்கெட் வழியாகவே இல்லை. கடைகளுக்கு ஏசி, குளிர்பதன வேலை பார்த்துக் கொடுத்த ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தின் பாஸ்வேர்டைத் திருடி, அதை வைத்து உள்ளே வந்தார்கள். அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து பில் போடும் இயந்திரங்கள் வரை போய்விட்டார்கள். முக்கியமான பகுதிகளை மற்றவற்றிலிருந்து சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்று 2014 மார்ச்சில் வந்த அமெரிக்க செனட் குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2017ல் 47 மாநிலங்களுடன் செய்துகொண்ட சமரசத்துக்கு மட்டும் டார்கெட் கொடுத்தது 1.85 கோடி டாலர்.

ஏசி மெக்கானிக் கணக்கில் நுழைந்தவன் கல்லாப்பெட்டி வரைக்கும் போக முடிந்தது. யோசித்துப் பாருங்கள்.

நம்ம தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் உண்டு. கூடங்குளம் ஞாபகம் இருக்கிறதா? 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி பரவியது. நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் தகவல் சொல்லியிருக்கிறது. விசாரித்ததில், வைரஸ் வந்த கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனருடையது, அந்த நெட்வொர்க் முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டது என்று சொன்னார்கள்.

முதல் நாள் மறுத்ததைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நான் கவனித்தது அந்த இரண்டாவது நாள் விளக்கத்தை. அதைச் சொல்ல இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும். ஒன்று, எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரிய வேண்டும். இரண்டு, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கெல்லாம் போக முடியும், எங்கே போக முடியாது என்று தெரிய வேண்டும். பட்டுக்கடைக்கும் அணு உலைக்கும் அளவில்தான் வித்தியாசம். ஏதாவது நடந்த அன்றைக்குக் கேட்கப்படும் கேள்வி ஒன்றேதான்: யார், எங்கிருந்து?

மாஸ்கரேட் அழிப்பது இந்த 'யார்' என்ற பதிலைத்தான்.

பற்று இருந்தால் வரவு இருக்க வேண்டும்

கடைக்காரர் லினக்ஸ் ரவுட்டர் வைக்கிறார். ஏற்கெனவே இருந்த இன்டர்நெட் பெட்டியைத் தொடவில்லை. பில் கவுண்டருக்கு அதுதான் கேட்வே, முகவரி 192.168.10.1. லினக்ஸ் பெட்டியின் ஒரு கால் பில் நெட்வொர்க்கில், 192.168.10.2. இன்னொரு கால் மாடியில், 192.168.20.1. மூன்றாவது கால் வைஃபைக்கு, 192.168.30.1. ஐபி ஃபார்வர்டையும் 1 ஆக்கியாச்சு.

மாடியில் கணக்கர், அவர் கம்ப்யூட்டர் 192.168.20.25. கீழே பில் சர்வர் 192.168.10.50ல் இருக்கும் அன்றைய விற்பனையைப் பார்க்க வேண்டும். அவர் அனுப்பும் பாக்கெட் லினக்ஸுக்கு வருகிறது. லினக்ஸுக்கு 10 வரிசை நேரடியாகத் தெரியும், கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. பில் சர்வருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது பதில் வர வேண்டும். பில் சர்வர் பார்க்கிறது: "192.168.20.25 என் பேட்டை கிடையாது, கேட்வேயிடம் கொடு." அதன் கேட்வே யார்? பழைய இன்டர்நெட் பெட்டி. அதற்கு 20 என்ற வரிசையே தெரியாது. தெரியாத எல்லாவற்றையும் இன்டர்நெட் பக்கம் தள்ளுவதுதான் அதன் பழக்கம். வெளியே இந்த எண்ணுக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள் என்று மேலே பார்த்தோம் இல்லையா? பதில் அங்கேயே செத்துப் போகிறது. மாடியில் கணக்கர் "நெட்வொர்க் வேலை செய்யல தம்பி" என்கிறார்.

பதினோராம் வகுப்பில் முதல் பாடமே இதுதானே! ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. போகிற பாதை எழுதிவிட்டு வருகிற பாதை எழுதாமல் விட்டால், ஒற்றைப் பதிவு முறை மாதிரி. கணக்கு நிற்காது.

இந்த இடத்தில்தான் அந்த ஒற்றை வரி வைத்தியம் வருகிறது. பில் நெட்வொர்க் பக்கமாக வெளியேறும் பாக்கெட் எல்லாவற்றிலும், அனுப்பியவர் முகவரியை அழித்துவிட்டு லினக்ஸ் தன் சொந்த முகவரியான 192.168.10.2 ஐப் போட்டு அனுப்பும். அதுதான் மாஸ்கரேட், முகமூடி. பில் சர்வர் பதிலை 10.2க்கு அனுப்பும், அது அதே பேட்டைதான். லினக்ஸ் தான் வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து மாடிக்குத் திருப்பி அனுப்பும். வேலை முடிந்தது, கணக்கர் சிரிக்கிறார்.

அனாமத்துக் கணக்கு இப்படித்தானே பிறக்கிறது? இருப்பாய்வில் வித்தியாசம் வருகிறது. பிழை எங்கே என்று தெரியவில்லை, தேட நேரம் இல்லை. வித்தியாசத் தொகையை அனாமத்தில் போட்டால் இரண்டு பக்கமும் சமம். தற்காலிகமாகச் செய்யலாம் என்று பாடப் புத்தகமே சொல்கிறது. பிழையைக் கண்டுபிடித்ததும் அதை முடித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் செய்வதில்லை.

இதன் விலை என்ன தெரியுமா? பில் சர்வரின் பதிவேட்டில், மாடியில் இருந்து கணக்கர் வந்தாலும் 192.168.10.2. வைஃபையில் இருந்து ஒரு வாடிக்கையாளரின் போன் வந்து பாஸ்வேர்டைக் குத்துமதிப்பாக அடித்துப் பார்த்தாலும் 192.168.10.2. எல்லாச் சான்றுச்சீட்டிலும் பெயர் இருக்கும் இடத்தில் 'பலர்' என்று எழுதிய மாதிரி. நாளைக்குப் பிரச்சினை வந்தால் முதலாளி யாரைச் சந்தேகப்படுவார்? அந்தப் பக்கம் வேலை இருக்கிற ஒரே ஆள் கணக்கர். தப்பு செய்யாத மனிதர், தான் செய்யவில்லை என்று காட்ட ஒரு எண் கூட இல்லாமல் நிற்பார். எனக்கு இதில் பெரிய கவலையே இதுதான். பதிவேடு திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை, நல்லவனைக் காப்பாற்றவும் வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. விண்டோஸின் ஃபயர்வால் சாதாரண அமைப்பில், கோப்புப் பகிர்வு, பிங் போன்றவற்றை உள்ளூர் சப்நெட்டிலிருந்து வந்தால் மட்டும்தான் அனுமதிக்கும். அடுத்த சப்நெட்டிலிருந்து பிங் அடித்தால் பதில் வராது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாஸ்கரேட் போடுவார்கள், உடனே பதில் வரும். ஏன் வந்தது? எல்லாப் பாக்கெட்டும் உள்ளூர் முகவரியோடு வருவதால் விண்டோஸ் ஏமாந்துவிட்டது! அதாவது வைத்திருந்த காவலையும் சேர்த்து நாமே கழற்றிவிட்டோம். முறையாகச் செய்வது என்றால், விண்டோஸ் ஃபயர்வாலில் கணக்கர் கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும் கூடுதலாக அனுமதித்தால் போதும்.

சரியான முறை

ரொம்பக் கஷ்டம் ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்த வழி: இன்டர்நெட் பெட்டியைக் கடை நெட்வொர்க்குகளிலிருந்து எடுத்து, லினக்ஸின் தனியான ஒரு வெளிக்காலில் மாட்டிவிடுவது. பில், கணக்கு, வைஃபை, கேமரா நாலுக்கும் லினக்ஸ்தான் கேட்வே. நாலும் அதற்கு நேரடியாகத் தெரியும் என்பதால் போகும் பாதையும் வரும் பாதையும் தானாகவே சரியாக இருக்கும். மாஸ்கரேட் வெளிக்காலில் மட்டும், இன்டர்நெட்டுக்குப் போகிறவற்றுக்கு மட்டும். அங்கே அது நியாயமான வேலை. வைஃபைக்காரர்களின் இன்டர்நெட் பாக்கெட் பில் கவுண்டர் வழியாகப் போகும் கூத்தும் இருக்காது.

பெட்டியை நகர்த்த முடியாது என்றால், அந்தப் பெட்டியிலேயே "20 வரிசைக்கு 192.168.10.2 வழியாகப் போ" என்று ஒரு நிலையான பாதை எழுதலாம். இதில் ஒரு சிக்கல்: போகும்போது லினக்ஸ் வழியாக மட்டும் போகும், வரும்போது இன்டர்நெட் பெட்டி வழியாகச் சுற்றி வரும். உரையாடலில் பாதியை மட்டும் பார்க்கும் சில பெட்டிகள் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். அப்படியானால் பில் சர்வரிலேயே அந்தப் பாதையை எழுதிவிடலாம். பாக்கெட் எங்கே தொலைகிறது என்று தெரியாவிட்டால், லினக்ஸில் டிசிபிடம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு காலிலும் அதை ஓடவிட்டுப் பாருங்கள். போனது தெரிந்து பதில் தெரியவில்லை என்றால், வரவுப் பக்கம் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

பிறகு விதிகள். முதலில் எல்லாம் மறுப்பு. அதன் பிறகு, ஏற்கெனவே அனுமதி பெற்றுத் தொடங்கிய உரையாடலின் பதில்கள் போகலாம். கணக்கர் அறையிலிருந்து பில் சர்வரின் கோப்புப் பகிர்வுக்கு மட்டும் போகலாம். கணக்கர் அறையிலிருந்து கேமராப் பெட்டிக்குப் போகலாம். கேமராக்கள் எங்கேயும் போக வேண்டாம். வைஃபை வெளிக்காலுக்கு மட்டும். பில்லும் கணக்கும் வெளிக்காலுக்கு. மறுக்கப்பட்டது எல்லாம் பதிவேட்டில். ஏழு வரியில் முடிந்துவிடும். ரவுட்டரையே யார் தொடலாம் என்பதற்குத் தனி விதி உண்டு, அதையும் கணக்கர் அறைக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஏழு வரியை ஒரு பேப்பரில் தமிழில் எழுதி முதலாளியிடம் காட்டினால் அவருக்குப் புரியும். யாருக்கு எந்த அலமாரியின் சாவி என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்பவர்தானே. நமக்குத் தணிக்கைப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கும் உள்கட்டுப்பாடு என்பதும் இதுதான்.

எதிர்க்கேள்விகள்

"சின்னக் கடைக்கு இவ்வளவு எதற்கு?" டார்கெட்டில் நுழைந்தவர்கள் முதலில் பிடித்ததே ஒரு சின்ன நிறுவனத்தைத்தான். தானாகப் பரவும் வைரஸ் கடையின் போர்டைப் படித்துவிட்டு நுழைவதில்லை.

"மாஸ்கரேட் போட்டாலும் லினக்ஸ் ரவுட்டரிலேயே பதிவு வைக்கலாமே?" வைக்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் பில் சர்வரின் பதிவையும் ரவுட்டரின் பதிவையும் நேரம், போர்ட் எண் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். முகவரியை அழிக்காமல் விட்டால் இந்த வேலையே இல்லை.

"சில கருவிகளில் கேட்வே போடவே இடம் இல்லையே?" உண்மை, சில பழைய கருவிகள் அப்படித்தான். அதற்கு மட்டும், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் மாஸ்கரேட் போடுங்கள். ஏன் போட்டோம் என்று விதிக்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள். அனாமத்துக் கணக்குக்கும் விளக்கக் குறிப்பு எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரவுட்டர் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. ஒரே சப்நெட்டுக்குள் நடப்பது ரவுட்டர் கண்ணில் படாது. கணக்கரின் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தால் ஏழு வரி என்ன, எழுபது வரி எழுதினாலும் பயனில்லை :-)

நமக்கு என்ன?

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்யும் தணிக்கைத் தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அது சரியாக ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். தனி உரிமையாளர் கடைக்கு இந்த விதி இல்லைதான். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன.

எல்லாமே கேட்பது ஒன்றைத்தான். யார், எப்போது, என்ன செய்தார் என்று பின்னால் வருகிறவர் பார்க்க முடிய வேண்டும். டேலியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் வைத்துவிட்டு, கீழே ஓடும் நெட்வொர்க்கில் எல்லோருக்கும் ஒரே முகமூடியை மாட்டிவிட்டால் பாதித் தடம் காணாமல் போகிறது. அங்கே போய்ப் பார்க்க ஆடிட்டருக்கும் தெரியாது, ரவுட்டர் மாட்டியவருக்கு ஆடிட்டைப் பற்றித் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டும். அது ஏன் நம்ம செட்டில் நாலு பேராக இருக்கக் கூடாது?

கற்றுக்கொள்ளப் பணம் தேவையில்லை. மெய்நிகர் கம்ப்யூட்டர் மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஒரே லேப்டாப்புக்குள் மூன்று லினக்ஸை ஓடவிட்டு, நடுவில் இருப்பதை ரவுட்டராக்கிப் பார்க்கலாம். ஒரு சனி ஞாயிறு போதும். சந்தேகம் கேட்க நம்ம ஊரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம்.

ஆர்ட்டிகிள்ஷிப் போகப் போகிறவர்கள் அடுத்த முறை ஒரு கடைக் கணக்கைப் பார்க்க உட்காரும்போது, அனாமத்தில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பீர்கள் இல்லையா? அப்போது கூடவே ஒன்று கேளுங்கள். "அண்ணா, இந்த சர்வருக்கு மாடியிலிருந்து வருகிறவரும் வைஃபையிலிருந்து வருகிறவரும் தனித்தனி எண்ணில் தெரிவார்களா?" பதில் சொல்ல அவர் யாருக்கோ போன் போட்டால், நீங்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.